திரையில் திரும்பாத படகு

எங்கள் பக்கத்துக் கடலில் மீன் கூட்டுப் பண்ணைக்குச் சொந்தம், தண்ணீர் எல்லைக் காவல் படைக்குச் சொந்தம். மீனவனுக்கு மிச்சம் இருந்தது முதுகுவலி மட்டும்தான்.

சோவியத் ஆட்சியில் எங்கள் லாட்வியக் கரையில் இருந்த க்ராகி கிராமத்தில் பொழுது சாய்வதற்குள் எல்லாப் படகுகளும் கரைக்கு வந்துவிட வேண்டும். வந்ததும் துடுப்புகளைக் கொட்டகையில் போட்டுப் பூட்டி, சாவியைக் காவல் சாவடியில் ஒப்படைக்க வேண்டும். பிறகு சிப்பாய்கள் டிராக்டரின் பின்னால் பரம்பு கட்டி, கரை நெடுக மணலை வாரிவிட்டுப் போவார்கள். விடிந்ததும் அந்த மணலில் ஒரு காலடித் தடம் தெரிந்தால் கிராமமே வரிசையில் நின்று பதில் சொல்ல வேண்டும். ஒருமுறை காட்டிலிருந்து ஒரு கடமான் இறங்கிவந்து தண்ணீரில் கால் நனைத்துவிட்டுப் போனது. வனக்காவலரை உட்காரவைத்து ஒரு நாள் முழுக்க விசாரித்தார்கள். மான் எதற்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எந்தத் திசையைப் பார்த்து நின்றது என்றுதான் கேட்டார்கள்.

சாவடியின் தலைவர் கேப்டன் லாப்டேவ். கெட்டவர் என்று சொன்னால் பாவம் வரும், நல்லவர் என்று சொன்னால் பொய்யாகும். அவருக்குத் தெரிந்தது ஒரே வேலை. காலையில் எத்தனை படகு போனது, மாலையில் எத்தனை வந்தது என்று எண்ணுவார். இரண்டும் சரியாக இருந்தால் இரவு நன்றாகத் தூங்குவார். க்ராகிக்கு அவர் வந்ததிலிருந்து ஒருநாள்கூடத் தூக்கம் கெட்டதில்லை என்று மேலிடத்தில் அவருக்கு நல்ல பெயர்.

அந்தப் படகுகளில் ஒன்று ஆன்ஸிஸ் லெப்ஸ்டேயுடையது. உடையது என்றால் ஓட்டுவதற்கு உடையது. ஆன்ஸிஸிடம் கடல் அனுமதிச் சீட்டு இருந்தது. அந்தச் சீட்டு உள்ளவன் க்ராகியில் மனிதன், இல்லாதவன் மீன் பெட்டிக்கு ஆணி அடிப்பவன். ஒரு குளிர்காலத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டு, கடலுக்குப் போக முடியாமல், மனைவி லவீஸே மேற்பார்வை பார்க்கும் மீன் புகைபோடும் கொட்டகையில் வேலைக்கு நின்றான். அவனுக்கு மூச்சு முட்டியது, லவீஸேவுக்குக் கோபம் முட்டியது. மூன்றாம் வாரம் இடுப்பு வலியோடேயே படகில் ஏறிவிட்டான். கடல் இல்லாமல் இந்த ஆள் வீட்டுக்கும் ஆகமாட்டான், கொட்டகைக்கும் ஆகமாட்டான் என்று லவீஸே அன்றே ஊருக்குச் சொல்லிவிட்டாள்.

இப்படியிருக்கையில்தான் தலைநகர் ரீகாவிலிருந்து சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள்.

இயக்குநரின் பெயர் ஹெர்பர்ட்ஸ். கழுத்துத் துணியைக் கோடையிலும் கழற்றாத மனிதர். அதுவரை எங்கள் லாட்விய மொழியில் அவர் எடுத்த படங்களில் கதாநாயகன் டிராக்டர் ஓட்டுவான், கதாநாயகி பால் கறப்பாள், கடைசியில் இருவரும் சேர்ந்து உற்பத்தித் திட்டத்தை நிறைவேற்றுவார்கள். இப்போது முதல்முறையாகக் குதிரை, வாள், வெடிமருந்து, முகமூடி எல்லாம் வைத்து ஒரு சாகசப் படம் எடுக்க அனுமதி வாங்கியிருந்தார். டிராக்டரே கிடையாது என்பதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது.

கதை முந்நூறு வருடத்துக்கு முந்தையது. ஜெர்மன் நிலப்பிரபுவான ஒரு பரோனின் பண்ணையடிமை ஒருவன், பரோனின் குதிரையைக் கிளப்பி, பெட்டகத்தைத் திறந்து, காவலர்களைப் பீப்பாயில் அடைத்து, கடைசியில் படகில் ஏறித் தப்பிவிடுகிறான். கரையில் பரோன் நின்று மணலில் காறித் துப்புகிறார். படகிலிருந்து கதாநாயகன் திரும்பி, "இனிமே இந்தக் கரைக்கு வரவே மாட்டேன்டா!" என்று கத்துகிறான். படம் முடிகிறது.

"இந்த ஒரு காட்சிக்கு ஏழு குழு உக்காந்துச்சுய்யா," என்று ஹெர்பர்ட்ஸ் ஆன்ஸிஸிடம் பீர் குடித்துக்கொண்டே சொன்னார். "அவன் எங்க போறான்னு கேட்டாங்க. கடலுக்குப் போறான்னு சொன்னேன். கடலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்றது?"

"ஸ்வீடன் இருக்கு," என்றான் ஆன்ஸிஸ்.

"அடப்பாவி, மெதுவா!" என்று ஹெர்பர்ட்ஸ் சுற்றுமுற்றும் பார்த்தார்.

சிக்கலைத் தீர்த்தவர் திரைக்கலை வாரியத்தின் தலைவி தோழர் பெர்க்மானே. அந்த அம்மாள் எழுந்து சொன்னாராம்: "தோழர்களே, பதற வேண்டாம். அந்தக் காலத்தில் எல்லைக் காவல் படை கிடையாது. காவல் படை இல்லாத இடத்தில் எல்லை இல்லை. எல்லை இல்லாதபோது அவன் எதையும் தாண்டவில்லை." எல்லோரும் கை தட்டினார்கள். அப்படியானால் அவன் ஊருக்கே திரும்பி வந்துவிடலாமே என்று ஒரு குழு கேட்டது. அதற்கு மாஸ்கோக் குழு ஒப்பவில்லை. உழைக்கும் வர்க்கம் நிலப்பிரபுவிடம் திரும்பிப் போவதாகக் காட்டினால் அது தோல்வி மனப்பான்மை என்று எழுதிவிட்டது. எனவே கதாநாயகன் போகலாம், ஆனால் திரும்பி வரக்கூடாது என்று ஏழு முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

கதாநாயக நடிகர் பார்க்க ராஜா மாதிரி இருந்தார். ஆனால் படகில் காலை வைத்ததும் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். இரண்டாம் நாளும் அதே கதை. கடைசியில் ஹெர்பர்ட்ஸ் ஊரைச் சுற்றிப் பார்த்து, அதே உயரம், அதே தோள் உள்ள ஆன்ஸிஸைப் பிடித்தார். முதுகுதான் தெரியும், தூரத்துக் காட்சி, தாடி ஒட்டிவிட்டால் போதும் என்றார். படகில் எழுதியிருந்த எண்ணைத் தார் பூசி மறைத்தார்கள், மரம் நட்டுப் பழைய பாய் ஒன்றைக் கட்டினார்கள்.

கேப்டன் லாப்டேவ் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"லெப்ஸ்டே, நீ வழக்கம்போல சீட்டுல போற. வழக்கம்போல எண்ணிக்கைக்கு வந்துடற. நடுவுல யாரா வேணா நடிச்சுக்கோ."

அன்று காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடித்தது. இரண்டாவது மணல்திட்டைத் தாண்டி, ஹெர்பர்ட்ஸ் கொடி அசைத்ததும் ஆன்ஸிஸ் திரும்பி நின்று கத்தினான். சொந்த மொழியில் அவ்வளவு உரக்க அவன் எதையும் கத்தியதில்லை, கத்த வேண்டிய தேவையும் வந்ததில்லை. கரையில் ஹெர்பர்ட்ஸ் துள்ளிக் குதித்தார். பாய் உப்பிக்கொண்டு படகு தானாகவே மேற்கே ஓடியது. ஆன்ஸிஸ் பாயை இறக்கினான், துடுப்பைப் போட்டான், எதிர்க்காற்றில் மல்லுக்கட்டிக் கரைக்கு வந்தான். சிப்பாய் எண்ணினான், கேப்டனிடம் சொன்னான், கேப்டன் எல்லாப் படகும் வந்தாயிற்று என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பிவிட்டுத் தூங்கினார். அந்தக் குரல் வேறு யாருக்கும் வராது என்று ஹெர்பர்ட்ஸ் பிற்பாடு ஆன்ஸிஸை ரீகாவுக்குக் கூட்டிப்போய், பஞ்சு ஒட்டிய ஓர் அறையில் நிறுத்தி, அதே வரியை மறுபடி கத்தச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார்.

அடுத்த வருடம் இலையுதிர் காலத்தில் படம் க்ராகிக்கு வந்தது.

கூட்டுப் பண்ணையின் மன்றக் கூடத்தில் உட்கார இடமில்லை. பெண்கள் தலைக்குச் சுருள் போட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். முன் வரிசையில் கேப்டன் லாப்டேவ், பக்கத்தில் பண்ணைத் தலைவர் ஓட்டோ. கேப்டனுக்கு எங்கள் மொழி ஒரு சொல்லும் தெரியாது. இந்த ஊரில் இத்தனை வருடம் இருந்தும் அவருக்கு அது தேவைப்படவில்லை, நாங்கள் அவரிடம் ரஷ்ய மொழியில் பேசினோம், படகை எண்ணவும் அதுவே போதுமானதாக இருந்தது.

கடைசிக் காட்சியில் ஆன்ஸிஸின் குரல் கூடத்தையே உலுக்கியது. "இனிமே இந்தக் கரைக்கு வரவே மாட்டேன்டா!" ஜனம் கை தட்டியது பாருங்கள், அப்படி ஒரு கைதட்டல் மே தினத்துக்கும் கிடைத்ததில்லை. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். மீன் வலை பின்னும் விதவை ஒருத்தி அழுதுகொண்டே தட்டினாள். தங்கள் மொழியில் ஒருவன் வரமாட்டேன் என்று சத்தமாகச் சொல்வதை, அதுவும் அரசாங்க முத்திரையோடு, அவர்கள் அதுவரை கேட்டதில்லை.

"என்ன சொல்றான்?" என்று கேப்டன் ஓட்டோவின் காதைக் கடித்தார்.

ஓட்டோவுக்கு வியர்த்துவிட்டது. "எல்லாரும் நல்லா இருங்கன்னு சொல்றான், தோழர் கேப்டன்."

"நல்ல பையன்," என்றார் கேப்டன். ஆனால் அவர் பார்வை திரையை விட்டு அசையவில்லை. படகு சிறுத்துக்கொண்டே போய்ப் புள்ளியானது. திரையில் எழுத்து ஓடியது. விளக்குகளைப் போட்டார்கள். கேப்டன் எழுந்து நின்றார்.

"படகு எங்க?"

"எந்தப் படகு, தோழர் கேப்டன்?"

"போன படகு. ஒண்ணு போச்சு. வரலையே?"

"படம் முடிஞ்சிடுச்சுங்க."

"படம் முடிஞ்சா முடியட்டும். படகு வரணுமா இல்லையா?"

யாரோ பின்னால் சிரித்தார்கள். கேப்டன் சிரிக்கவில்லை. கடைசிச் சுருளை மறுபடி ஓட்டச் சொன்னார். விரலை மடக்கி எண்ணினார். போனது ஒன்று, வந்தது இல்லை. மறுபடியும் ஓட்டச் சொன்னார். அதே கணக்குத்தான் வந்தது. நான்காம் முறை ஓட்டியபோது படகின் பின்பக்கத்தில் புதிதாக மாற்றிய வெளிறிய பலகை அவர் கண்ணில் பட்டது. அந்தப் பலகையை மாற்ற அனுமதி கொடுத்ததே அவர்தான்.

"லெப்ஸ்டே! அது உன் படகு."

"ஆமாங்க."

"நீ எங்க?"

"இங்கதான் இருக்கேன், மூணாவது பெஞ்சுல."

"இப்ப இருக்கறதைக் கேக்கல. அதுல எங்க?"

ஆன்ஸிஸ் திரையைப் பார்த்தான். "போயிட்டேனுங்க."

மறுநாள் காலை சாவடியில் கேப்டன் சிவந்த கண்களோடு உட்கார்ந்திருந்தார். ஆன்ஸிஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே நின்றான்.

"உனக்குப் புரியற மாதிரி சொல்றேன்," என்றார் கேப்டன். "அன்னிக்கு எல்லாப் படகும் வந்துச்சுன்னு நான் அறிக்கை அனுப்பியிருக்கேன். இந்தப் படம் நாடு முழுக்க ஓடுது. ஜெனரலுங்க பார்ப்பாங்க, அவங்க சம்சாரம் பார்ப்பாங்க. என் சாவடியிலிருந்து ஒரு படகு கிளம்பி, பட்டப்பகல்ல, கத்திக்கிட்டே போகுது. வரவே இல்ல."

"வந்துட்டேனேய்யா. நீங்கதானே எண்ணுனீங்க."

"அப்ப படம் பொய்யா?"

"படம்னாலே பொய்தானுங்களே."

கேப்டன் சட்டென்று கதவைப் பார்த்தார். "இதை நீ சொல்லல, நான் கேக்கல. ஏழு குழு முத்திரை போட்டது பொய்யா? மாஸ்கோ முத்திரை பொய்யா? அது பொய்யில்லைன்னா என் அறிக்கை பொய். என் அறிக்கை பொய்னா நீ வரல. நீ வரலைன்னா இங்க எப்படி நிக்கிற?"

ஆன்ஸிஸுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "சொல்லுங்க, வெளியே போய் நிக்கிறேன்."

"சீட்டைக் குடு," என்றார் கேப்டன். "விசாரணை முடியற வரைக்கும்."

அந்தச் சீட்டு மேஜை இழுப்பறைக்குள் போனது, ஆன்ஸிஸ் தொப்பியைப் போடாமலேயே வெளியே வந்தான்.

ரீகாவில் விசாரணைக் கூட்டம் நடந்தது. நீள மேஜை, பச்சைத் துணி, ஆளுக்கொரு கனிமநீர் பாட்டில். காவல் படையின் மேஜர் ஒருவர், ஹெர்பர்ட்ஸ், நடுவில் தோழர் பெர்க்மானே. ஓரமாக ஆன்ஸிஸை ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். மூன்று மணிநேரம் அவனைப் பற்றியே பேசினார்கள், அவனிடம் யாரும் பேசவில்லை.

ஹெர்பர்ட்ஸ் எழுந்து, அது நடிப்பு, ஆள் அன்றே திரும்பிவிட்டான், இதோ இருக்கிறான் என்றார்.

தோழர் பெர்க்மானே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதை மாட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தால் அந்த அம்மாளை நிறுத்த ஆளில்லை.

"முதலாளித்துவ சினிமா பொய் சொல்லும். அங்கே ஒருவன் சாவான், மறுநாள் விருந்துக்குப் போவான். நம் கலை அப்படிப்பட்டதல்ல. நம் கலை வாழ்க்கையை உள்ளபடி காட்டுகிறது. இருபது வருடமாக இந்த நாற்காலியில் இருந்து நான் அதை உறுதி செய்து வருகிறேன். வாழ்க்கை எங்காவது நம் கலைக்குப் பொருந்தாமல் போனால், அது வாழ்க்கையின் பக்கம் உள்ள குறை. அதைக் கவனிக்கும் துறைகள் வேறு இருக்கின்றன." மேஜரைப் பார்த்துத் தலையசைத்தார். "இந்தத் தோழர் இங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கு ஒரே ஆதாரம் அவர்தான். அவர் போய்விட்டார் என்பதற்கு இருநூறு பிரதிகள் இருக்கின்றன."

மேஜர் இதைக் குறித்துக்கொண்டார். இவ்வளவு தெளிவாகத் தனக்கு யாரும் விளக்கியதில்லை என்று நன்றியும் சொன்னார். வெளியே வந்ததும் ஹெர்பர்ட்ஸ் ஆன்ஸிஸின் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சிடுய்யா, மன்னிச்சிடுய்யா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆன்ஸிஸுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.

ஊர் திரும்பியபோது பண்ணைத் தலைவர் ஓட்டோ அவனைக் கண்டதும் வேலிக்குப் பின்னால் ஒதுங்கினார். ஓடிப்போய்ப் பிடித்தான்.

"ஓட்டோ அண்ணே, பெட்டிக்கு ஆணியாவது அடிக்கிறேன், வேலை குடு."

"யாருக்குடா குடுக்கறது? நீதான் இல்லையே. இல்லாத ஆளு பேர்ல நான் வேலை எழுதினா என்னைத் தூக்கி உள்ள வெப்பாங்க."

"சின்ன வயசுல ரெண்டு பேரும் ஒண்ணா கடல்ல விழுந்தோம், ஞாபகமிருக்கா? என்னைப் பாரு, நான் இல்லையா?"

"எனக்குத் தெரியுது. தெரிஞ்சு என்ன பண்றது? போ, போ. வேலிகிட்ட நிக்காத, யாராவது நான் தனியா பேசிக்கிறேன்னு நினைக்கப் போறாங்க."

லவீஸேவை இரண்டு அதிகாரிகள் வீட்டுக்கே வந்து விசாரித்தார்கள். சமையலறை மேஜையில் உட்கார்ந்தார்கள். அடுப்பருகே ஆன்ஸிஸ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.

"உங்க கணவர்கிட்டேர்ந்து கடிதம் வருதா?"

"கடிதமா? அந்த ஆளுக்கு எழுத சோம்பேறித்தனம். வேணும்னா திரும்பிக் கேளுங்க, பின்னாலதான் இருக்கான்."

"போறதுக்கு முன்னாடி ஏதாவது சொல்லிட்டுப் போனாரா?"

"குளியலறைக் கூரை ஒழுகுது, வந்து பாக்கறேன்னு சொன்னான். இன்னும் பாக்கல."

"அப்ப திரும்பி வர்ற எண்ணம் இருந்திருக்கு," என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னார். ஆன்ஸிஸ் உரித்த கிழங்கைப் பானையில் போட்டான். சத்தம் கேட்டு அதிகாரிகள் திரும்பிப் பார்த்தார்கள், பார்வையை உடனே விலக்கிக்கொண்டார்கள். வெளிநாட்டில் உறவு உள்ளவள் என்று அந்த வாரமே லவீஸேவைக் கொட்டகை மேற்பார்வையிலிருந்து இறக்கி, தரை கழுவ விட்டார்கள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் கத்தவில்லை, அதுதான் ஆன்ஸிஸுக்குப் பயமாக இருந்தது.

"கடல்ல எத்தனையோ பேரு செத்திருக்கானுங்க," என்றாள் கடைசியாக. "அவனுங்க பொண்டாட்டிங்களுக்கெல்லாம் கறுப்புத் துணியாவது கிடைச்சுது. நான் என்னத்தைக் கட்டிக்கிறது, மனுசா?"

அவன் தினமும் விடியலில் எழுந்து, பழக்கத்தில் பூட்ஸை மாட்டி, கொட்டகை வரை போய் நிற்பான். படகுகள் போவதைப் பார்ப்பான். அவனுடைய படகு மட்டும் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் சிப்பாய்கள் துணி காயப்போட்டிருந்தார்கள். அது காணாமல் போன படகு என்பதால் யாருக்கும் கொடுக்க முடியவில்லை.

கடைசியில் ஹெர்பர்ட்ஸ்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். கதாநாயகன் திரும்பி வருவதாக ஒரு காட்சி சேர்த்துவிட்டால் எல்லாம் தீர்ந்துபோகும். மாஸ்கோக் குழு ஒப்புக்கொண்டது. நிலப்பிரபுவிடம் திரும்பக்கூடாது, மக்களிடம் திரும்பலாம், கரை ஒன்றுதான் என்றாலும் அரசியல் வேறு என்று எழுதி அனுப்பியது. கேப்டன் லாப்டேவுக்கு முகம் மலர்ந்தது. ஆன்ஸிஸுக்கும் பல நாள் கழித்துப் பசி எடுத்தது.

"எப்ப கடலுக்குப் போகணும்?" என்று கேட்டான்.

"போறதா?" என்றார் கேப்டன். "நீ எப்படிப் போவ? உன் சீட்டு செல்லாது. நீ இன்னும் வரலையே."

"வர்றதுக்குத்தானேய்யா போகணும்."

"வந்தப்புறம் போ, யார் வேணாங்கறா."

ஹெர்பர்ட்ஸ் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். முடிச்சை அவிழ்த்தவர் மறுபடியும் தோழர் பெர்க்மானேதான். இருக்கிற காட்சியையே பின்னோக்கி ஓட்டினால் போன படகு வந்துவிடும், அரசாங்கத்துக்கு ஒரு கோபெக் காசு செலவில்லை என்றார். அப்படியே செய்தார்கள்.

புதிய பிரதி வந்தது. எங்கள் ஊர் மன்றத்தில் மறுபடி கூட்டம் கூடியது. படகு மேற்கே போனது. பிறகு அதே படகு, பின்பக்கத்தைக் கரைக்குக் காட்டிக்கொண்டு, அதே வேகத்தில் திரும்பி வந்தது. அலைகள் கரையிலிருந்து எழுந்து கடலுக்கு ஓடின. ஒரு கடற்பறவை வாலை முன்னே நீட்டிப் பறந்தது. மணலில் கிடந்த எச்சில் எழும்பிப் பரோனின் வாய்க்குள்ளேயே போயிற்று. கதாநாயகன் முதுகைக் காட்டிக்கொண்டு தாய்மண்ணுக்கு வந்து சேர்ந்தான். "வந்துட்டேன்!" என்று ஒரு குரல் கேட்டது. அது ஆன்ஸிஸின் குரல் இல்லை. நாட்டில் இல்லாதவனை ஒலிப்பதிவுக்கு அழைக்க விதியில் இடமில்லை என்று யாரோ ரீகா நடிகரைப் பேச வைத்திருந்தார்கள்.

இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. வலை பின்னும் விதவை நடுவிலேயே எழுந்து போய்விட்டாள். முன் வரிசையில் கேப்டன் மட்டும் விரலை மடக்கி, "போனது ஒண்ணு, வந்தது ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டார். அவர் கண்ணில் நிஜமாகவே நீர் நின்றது. மூன்றாவது பெஞ்சுக்கு வந்து ஆன்ஸிஸின் கையைக் குலுக்கினார்.

"வாங்க லெப்ஸ்டே, வாங்க. நல்லபடியா வந்து சேர்ந்தீங்க."

"அப்ப நாளைக்குக் கடலுக்குப் போகலாமா, தோழர் கேப்டன்?"

"நாளைக்கா?" கேப்டன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "நாளைக்கு ரீகாவிலிருந்து ஆளு வர்றாரு. ஒரு வருஷத்துக்கு மேல வெளிய இருந்துட்டு வந்திருக்கீங்க. கேக்க மாட்டாங்களா?"

வந்த அதிகாரி இளைஞர், மரியாதைக்காரர். ஆன்ஸிஸை உட்காரச் சொன்னார், தேநீர் கொடுத்தார். இத்தனை நாளில் அவனோடு நேருக்கு நேர் பேசிய முதல் அதிகாரி அவர்தான். முடிவு ஏற்கெனவே தட்டச்சாகி மேஜையில் இருந்தது. அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி, அனுமதி இல்லாமல் திரும்பி வந்தவன் கடலோரத்தில் வசிக்க முடியாது. தானாக மனம் திருந்தி வந்ததால் சிறை இல்லை. கிழக்கே, கடல் என்ற சொல்லையே யாரும் பயன்படுத்தாத ஊரில், பீட்ரூட் பண்ணையில் வேலை. வீட்டுக்காரியும் கூடப் போகலாம்.

"கடலுக்குப் போகாம எனக்கு வேற வேலை தெரியாதுங்க," என்றான் ஆன்ஸிஸ்.

"கத்துக்கலாம்," என்றார் இளைஞர். "எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. கோப்புக்காகக் கேக்கல, நானாத்தான் கேக்கறேன். அன்னிக்குக் காத்து மேற்கால அடிச்சிருக்கு. படகு நல்ல படகு. கரையில இருந்தவங்க எல்லாம் கேமராவைப் பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. கேப்டனே கை தட்டிக்கிட்டு நின்னிருக்காரு. அவ்வளவு தூரம் போயிட்டு எதுக்குத் திரும்பி வந்தீங்க?"

ஆன்ஸிஸ் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். அதிகாரிகள் அவனைப் பற்றிக் கேட்ட கேள்விகளில் நியாயமான கேள்வி அது ஒன்றுதான் என்று அவனுக்குத் தோன்றியது. பதிலைத் தேடினான். சன்னலுக்கு வெளியே சிப்பாய்கள் டிராக்டரில் பரம்பைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். இளைஞர் வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, தாய்நாட்டுப் பற்றுன்னு போட்டுக்கறேன்," என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

லாரி மறுநாள் வந்தது. கட்டில், பானை, தையல் மெஷின் எல்லாம் ஏற்றிவிட்டு இருவரும் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். ஓட்டோ வேலிக்குப் பின்னால் நின்று, யாரும் பார்க்காதபோது கையை உயர்த்தினார். பைன் காட்டுக்குள் நுழைந்ததும் கடலின் சத்தம் நின்றுபோயிற்று.

"அந்தப் பையன் அவ்வளவு நேரம் என்னதான் கேட்டான்?" என்றாள் லவீஸே.

"ஏன் திரும்பி வந்தேன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லத் தெரியல."

அவள் ஏதாவது திட்டுவாள் என்று ஆன்ஸிஸ் காத்திருந்தான். அவள் திட்டவில்லை. தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, லாரிக்குப் பின்னால் ஓடுகிற பாதையைப் பார்த்துக்கொண்டே, "உன்னையும் என்னையும் சேர்த்து அந்தப் படகு தாங்கியிருக்கும்," என்றாள்.